கால்சட்டை இல்லாதவரும் கதை எழுதியவரும்

பிரெஞ்சுப் புரட்சி என்றவுடன் நம் நெஞ்சில் எழும் ஓவியம் எது? இடிபடும் பாஸ்டில் கோட்டை, ஈட்டி முனையில் ஏந்திச் செல்லப்படும் ஒரு தலை, கில்லட்டின் மேடையைச் சூழ்ந்து நின்று கூச்சலிடும் ஒரு கூட்டம். கோட்டைக்குப் பெயருண்டு, கொலைக் கருவிக்கும் பெயருண்டு, கூட்டத்துக்கு மட்டும் பெயரில்லை. இவ்வோவியத்தை நம்மில் பலருக்குத் தீட்டித் தந்தவர் ஒரு நாவலாசிரியர். சார்லஸ் டிக்கன்ஸ் 1859-இல் வெளியிட்ட 'இரு நகரங்களின் கதை'யைச் சுருக்கப் பதிப்பிலேனும் பள்ளி நாளில் படித்தோர் நம்மிடையே பலர். அந்த நாவல் பாரிஸ் நகரத்து உழைப்பாளிகளுக்கு எவ்வளவு நியாயம் செய்தது, அவர்களைப் பற்றிப் பின்னர் எழுந்த வரலாற்று நூல்கள் எவ்வளவு செய்தன என்பதை ஒருங்கே வைத்து நோக்குவது பயனுடைத்து என்று கருதுகிறேன்.

முதலில் பெயரைக் கவனிப்போம். 'சான்குலோத்' என்பது அவர்கள் பெயர். 'குலோத்' என்பது முழங்காலோடு நின்றுவிடும் கால்சட்டை. பட்டுக் காலுறையோடு சேர்த்துப் பிரபுக்களும் செல்வரும் அணிந்தது. தச்சரும், தோல் பதனிடுவோரும், சுமை தூக்குவோரும் கணுக்கால் வரை நீண்ட முரட்டுத் துணிச் சட்டை அணிந்தனர். ஆகவே 'குலோத் இல்லாதவர்' என்பது மேலோர் கீழோரைப் பார்த்துச் சொன்ன ஏளனம். இச்சொல்லின் பூர்வீகத்தை ஆராய்ந்து மைக்கேல் சோனன்ஷர் 2008-இல் ஒரு நூல் எழுதினார். புரட்சிக்குப் பல பத்தாண்டுகள் முன்பே, செல்வச் சீமாட்டிகளின் இல்லங்களில் கூடிய இலக்கியக் கூட்டங்களில், புரவலர் கிட்டாத எழுத்தாளனைக் கேலி செய்யும் நகைச்சொல்லாக இது வழங்கியதை அவர் எடுத்துக் காட்டுகிறார். புலவனின் வறுமையைக் குறித்த சொல் தொழிலாளியின் வறுமையைக் குறிக்க வந்து, 1792-க்குப் பின் அவனே மார்தட்டிச் சொல்லிக்கொள்ளும் பட்டமாயிற்று. சிவப்புத் தொப்பி, குட்டைச் சட்டை, மரச்செருப்பு, கையில் ஈட்டி - இவை அப்பட்டத்தின் அடையாளங்கள்.

ஆடையின்மையால் ஒரு கூட்டத்துக்குப் பெயரிடும் வழக்கம் பாரிசில்தான் தோன்றியது என்று எண்ண வேண்டாம். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், அதாவது 812-813 ஆண்டுகளில், பக்தாத் நகரம் முற்றுகையிடப்பட்டபோது கலீஃபா அமீனுக்காக நகரைக் காத்துப் போரிட்ட ஏழை எளியோரை அரபு வரலாற்றாசிரியர்கள் 'உராத்' என்று குறித்தனர். ஆடையற்றோர் என்பது பொருள். பாய்முடைந்த கேடயமும் கவண் கல்லும் ஏந்தி அவர்கள் பயிற்சி பெற்ற படையை எதிர்த்து நின்றதைத் தபரீயின் தாரீக் விரிவாகச் சொல்கிறது. அங்கும் அவர்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதியது ஒரு வரியும் இல்லை. ஏட்டறிவு உடையோர் அஞ்சியும் வியந்தும் எழுதியதே எஞ்சியது. பாரிசின் நிலை இதினின்றும் சிறிதே வேறுபட்டது. அந்த வேறுபாட்டைப் பின்னர்க் காண்போம்.

டிக்கன்ஸிடம் வருவோம். அவருடைய கருணையை எவரும் மறுக்க இயலாது. தெருவில் மதுப் பீப்பாய் உடைந்து சிதறியபோது சேந்த் அந்துவான் பகுதியின் ஏழைகள் கல்லிடுக்கில் தேங்கிய மதுவைக் கையால் அள்ளிப் பருகும் காட்சி பசியின் ஓவியமாக இன்றும் நிற்கிறது. பிரபுவின் வண்டிச் சக்கரத்தில் குழந்தையொன்று நசுங்கிச் சாக, அதற்கு விலையாக ஒரு காசு வீசப்படும் காட்சியும் அவ்வாறே. என் நோக்கில் அந்நாவலின் தலைசிறந்த இடம் இவை இரண்டும் அல்ல. ஃபூலோன் என்னும் அதிகாரியைக் கூட்டம் கொன்று முடித்த அன்றிரவு, அதே ஆண்களும் பெண்களும் ரொட்டிக் கடை வாயிலில் நெடுநேரம் வரிசையில் நின்று, கிடைத்ததைக் கொண்டு வீடு திரும்பி, மெலிந்த பிள்ளைகளோடு கொஞ்சி விளையாடுவதாக அவர் எழுதியிருக்கிறாரே, அவ்விடமே. கொன்ற கையும் கொஞ்சிய கையும் ஒன்றே என்று காண எழுத்தாளனுக்குத் துணிவு வேண்டும்.

ஆயின் அவ்வளவில் அவர் நின்றுவிட்டார். 'சேந்த் அந்துவான்' என்பது அவர் நாவலில் ஓர் ஊர்ப்பகுதியன்று, ஒரே ஆள். அது பசித்தது, அது விழித்தது, அது கொன்றது என்றே எழுதிச் செல்கிறார். உருவகம் அழகியதுதான். எனினும் பல்லாயிரம் பேரை ஒரே ஆளாக்கிவிட்டால் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு ஏது, விவாதம் ஏது, ஆலோசனை ஏது? மதுக்கடை மாடியில் 'ழாக்'குகள் சிலர் இரகசியமாகக் கூடுகின்றனர். திருமதி தெஃபார்ஜ் பழிவாங்க வேண்டியோர் பெயர்களைப் பின்னலில் பதிக்கிறாள். வெளிப்படையாக ஒரு வட்டத்தின் பொதுக்கூட்டம் கூடி, ஒருவர் எழுந்து பேச, மற்றொருவர் மறுக்க, தீர்மானம் நிறைவேறும் காட்சி நாவலில் எங்கும் இல்லை. வரலாற்றில் அது நாள்தோறும் நிகழ்ந்தது. பசி உண்டு, பழி உண்டு, மதி இல்லை என்பதே டிக்கன்ஸ் எளியோருக்கு வழங்கிய பங்கு.

இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பும் அன்று. தாமஸ் கார்லைல் 1837-இல் வெளியிட்ட வரலாற்று நூலுக்குத் தாம் கடன்பட்டதை டிக்கன்ஸ் முன்னுரையிலேயே ஒப்புகிறார். கார்லைலுக்கு மக்கள் எழுச்சி என்பது எரிமலை, வெள்ளம், தீ. இயற்கைச் சீற்றத்துக்குக் காரணம் கேட்பார் உண்டோ? அதற்கும் மேலே சென்றவர் இப்போலித் தெய்ன். 1870-களிலிருந்து அவர் எழுதிய பெருநூலில் புரட்சிக் கூட்டம் பெரும்பாலும் நாடோடிகள், குற்றவாளிகள், கூலிக்கு வந்தவர்கள். 1871-இல் பாரிஸ் கொம்யூனைக் கண்டு நடுங்கிய ஒரு தலைமுறையின் அச்சத்தை நூறாண்டு முன்னிருந்தோர்மீது ஏற்றிவிட்டார். மறுபுறத்தில் மிஷ்லே இருக்கிறார். அவருக்கு 'மக்கள்' என்பது புனிதமான ஒரு திருவுரு. இகழ்ந்தோரும் புகழ்ந்தோரும் அந்த மக்களில் ஒருவனைக்கூட நிறுத்தி, உன் பெயர் என்ன, உன் தொழில் என்ன, எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டாரில்லை.

கேட்டவர் யார்? விந்தை யாதெனில், காவல்துறையினர்தாம் கேட்டனர். கைது செய்யப்பட்ட ஒவ்வொருவரின் பெயர், வயது, தொழில், பிறந்த ஊர், குடியிருக்கும் தெரு அனைத்தையும் அவர்கள் எழுதி வைத்தனர். அப்பதிவேடுகளைப் புரட்டி ஜார்ஜ் ரூதே 1959-இல் புரட்சிக் கூட்டத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். நம் பள்ளிகளில் ரிவாயத்தை ஆராயும் கலை பயின்றோர்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. செய்தியைச் சொன்னவன் யார், அவன் எங்கே நின்று கண்டான், யார்மீது அவனுக்குப் பகை என்று கேட்ட பின்னரே செய்தியை ஏற்கிறோம். காவலன் பகைச் சாட்சி. ஆயின் பகைவனே, பிடிபட்டவன் குற்றவாளியல்லன், நிலையான முகவரியுள்ள தச்சன் என்று எழுதி வைப்பானாகில் அச்சாட்சியத்தின் வலிமை இருமடங்கன்றோ?

1789 ஜூலை 14-இல் பாஸ்டிலைக் கைப்பற்றியோர் என்று அரசே ஏற்றுப் பட்டம் அளித்தவர் 954 பேர். அவர்களுள் அறுநூற்றுக்கு மேற்பட்டோரின் தொழில் தெரிகிறது. தச்சரும் மரச்சாமான் செய்வோரும் சேர்ந்து நூறு பேரளவில். பூட்டுத் தொழிலாளர் நாற்பது பேரளவில். செருப்புத் தைப்போர், சிற்பம் செதுக்குவோர், மதுக்கடை வைத்திருந்தோர் எனப் பட்டியல் நீள்கிறது. பெரும்பாலோர் அக்கோட்டைக்கு அருகிலுள்ள சேந்த் அந்துவான் பகுதியினர். பெண் ஒருத்தியும் இருக்கிறாள்: மரீ ஷர்ப்பாந்தியே, சலவைத் தொழிலாளி. தெய்ன் கண்ட நாடோடிகளை இப்பட்டியலில் தேடிக் காண்பது அரிது.

இவர்களைத் தெருவுக்கு இழுத்தது எது? ரொட்டியின் விலை. நான்கு பவுண்டு எடையுள்ள ரொட்டி சாதாரண காலத்தில் 8 அல்லது 9 சூ. 1789 பிப்ரவரியில் அது 14½ சூ ஆயிற்று. சாதாரணக் கூலியாளின் ஒரு நாள் ஊதியம் 20 முதல் 30 சூ வரை. 25 சூ பெறும் ஒருவன் தன் குடும்பத்துக்கு ஒரு ரொட்டி வாங்கினால் மீதி 10½ சூவில் வாடகை, விறகு, மெழுகுவத்தி, துணி அனைத்தும். விடுமுறை நாளில் அதுவும் இல்லை. ஆகவே பாரிஸ் உழைப்பாளி 'கூலியை உயர்த்து' என்று கேட்பதினும் 'விலையைக் கட்டு' என்று கேட்பதையே வழக்கமாகக் கொண்டான். இதனை மனத்தில் கொள்ளாதவர்க்குப் பின்னர் நடந்தவை விளங்கமாட்டா. விலை என்னும் ஒரே கோரிக்கையில் பட்டறை முதலாளியும் அவனிடம் வேலை செய்த கூலித் தொழிலாளியும் சிறுகடைக்காரனும் ஒன்றுசேர முடிந்தது. கூலி என்ற சொல் எழுந்தால் அவ்வொற்றுமை பிளந்துவிடும். தொழிலாளர் சங்கமும் வேலைநிறுத்தமும் 1791 ஜூனில் லெ ஷப்பலியே சட்டத்தால் தடைசெய்யப்பட்டபோது பெரிய எதிர்ப்பு எழாததற்கும் இது ஒரு காரணம்.

1790-இல் பாரிஸ் 48 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. மூன்று நாள் கூலிக்குச் சமமான வரி செலுத்தியவனுக்கே வாக்கு. மற்றவன் 'செயலற்ற குடிமகன்'. சட்டத்தில் இப்படியொரு சொல்லை எழுதிவைத்தவர்களின் துணிவே துணிவு. 1792 கோடையில், போர் மூண்டு பகைவர் நெருங்கிய வேளையில், வட்டங்கள் இடைவிடாது கூடத் தொடங்கின. செயலற்றவர் என்று ஒதுக்கப்பட்டோர் உள்ளே நுழைந்தனர். ஆகஸ்ட் 10-இல் மார்சேயிலிருந்து வந்த தொண்டர்களோடு சேர்ந்து அரண்மனையைத் தாக்கி முடியாட்சியை வீழ்த்தியவர்கள் அவர்களே. 1793 ஜூன் 2-இல் தேசிய மன்றத்தைச் சூழ்ந்து நின்று ஜிரோந்தின் கட்சியினரை வெளியேற்றியவர்களும் அவர்களே. அவ்வாண்டு செப்டம்பர் 29-இல் மன்றம் விரும்பாமலே இயற்றிய உச்சவிலைச் சட்டம் அவர்கள் பெற்ற மிகப்பெரிய வெற்றி. இன்றியமையாப் பொருள்களின் விலை 1790-இன் விலையினும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயரலாகாது என்றது அச்சட்டம்.

மொழியாசிரியன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர இயலவில்லை. 1793 அக்டோபர் 31-இல் மக்கள் சங்கங்களின் சார்பில் மன்றத்தில் ஒரு விண்ணப்பம் அளிக்கப்பட்டது. ஒருவரைப் பன்மையில் 'நீங்கள்' என்று விளிக்கும் வழக்கத்தை ஒழித்து அனைவரையும் 'நீ' என்றே விளிக்க வேண்டும் என்பது கோரிக்கை. மன்றம் அதைச் சட்டமாக்கவில்லை. எனினும் வழக்கில் பரவிற்று. அரபு மொழியில் ஆட்சியாளனுக்கும் ஆடு மேய்ப்பவனுக்கும் 'அன்த' ஒன்றே. நம் சங்கப் புலவரும் வேந்தனை 'நீ' என்றே பாடினர். மரியாதைப் பன்மை மேலேறி வந்த ஒரு சமுதாயத்தில், முதலாளி தன்னை 'நீ' என்பதும் தான் அவரை 'நீங்கள்' என்பதும் நாள்தோறும் நாவில் ஏறும் சுமை என்பதை அந்தத் தச்சர்கள் உணர்ந்திருந்தனர். இலக்கண நூலார் காணாத நுட்பம் இது.

புகழ்ந்துகொண்டே போவது திறனாய்வாகாது. 1792 செப்டம்பர் 2 முதல் நான்கைந்து நாள் பாரிஸ் சிறைகளில் 1,100-க்கும் 1,400-க்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் கைதிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். பகைவருக்கு உதவும் சதிகாரர் என்று கூறிக் கொன்றனர். ஆயின் மாண்டவருள் பெரும்பாலோர் அரசியல் அறியாத சாதாரணக் குற்றவாளிகள். திருடனும், கள்ளநோட்டு அடித்தவனும், தெருப்பெண்ணும் எந்தப் பிரபுவுக்கு உதவியிருப்பர்? அச்சம் உண்மையே, பிரஷ்யப் படை வெர்தன் கோட்டையை நெருக்கியதும் உண்மையே. அது காரணத்தை விளக்குமேயன்றிக் குருதியைக் கழுவாது. ரூதேயின் வழிவந்த சிலர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். டிக்கன்ஸ் கடக்கவில்லை, சாணைக்கல்லில் வாள் தீட்டும் அவ்விரவை அவர் நின்று எழுதினார். அதற்கான பெருமை அவருக்குரியது.

இனி, இத்துறையில் தலைமை பெற்ற நூலைப் பற்றி. அல்பேர் சொபூல் 1958-இல் வெளியிட்ட 'இரண்டாம் ஆண்டின் பாரிஸ் சான்குலோத்துகள்' என்னும் ஆய்வு வட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளைத் தாளுக்குத் தாள் படித்து எழுந்தது. பக்தாதின் ஆடையற்றோர்க்கும் பாரிஸ் மக்களுக்கும் உள்ள வேறுபாடு என்று மேலே சொன்னது இதுதான்: இவர்களுக்குச் செயலாளர் இருந்தார், குறிப்பேடு இருந்தது, தீர்மானம் எழுத்தில் நின்றது. சொபூல் கம்யூனிஸ்டு. எனினும், சான்குலோத்துகள் ஒரு வர்க்கமல்லர், நவீனத் தொழிலாளி வர்க்கத்தின் முன்னோடியும் அல்லர் என்ற முடிவுக்கே தம் ஆதாரங்கள் இட்டுச் சென்றபோது அதை மறைக்காமல் எழுதினார். வட்டங்களின் புரட்சிக் குழுக்களில் இருந்த 454 உறுப்பினருள் கூலித் தொழிலாளர் பத்தில் ஒருவரே. மூன்றில் இரண்டு பங்கினர் கைவினைஞரும் கடைக்காரரும். ரொபெஸ்பியருக்கு வீடளித்த துய்ப்பிளே தம்மைத் தச்சர் என்றே சொல்லிக்கொண்டார். அவருக்கு வாடகை வருவாய் மட்டும் ஆண்டுக்குப் பத்தாயிரம் லீவருக்கு மேல். தந்தையார் தம் வேலையாட்களில் ஒருவரையும் உணவு மேசையில் உடன் அமர்த்தியதில்லை என்று அவர் மகளே பிற்காலத்தில் குறித்திருக்கிறார். இந்தச் சிறு செய்தியைத் தேடி எடுத்து நூலில் வைத்தாரே சொபூல், ஒரு நாவலாசிரியனுக்குரிய கண் அது.

அவரிடமும் குறையுண்டு. ரிச்சர்ட் ஆண்ட்ரூஸ் 1985-இல் எழுதிய கட்டுரையில், வட்டத் தலைவர்களுள் 'கைவினைஞர்' என்று சொபூல் கணக்கிட்டோரில் பலர் பல தொழிலாளரை வைத்து வேலை வாங்கிய செல்வர் என்று வாதிட்டார். எழுதப்பட்ட தொழிற்பெயரைக் கொண்டு மனிதனின் நிலையை அளக்க முடியாது என்பது வலுவான மறுப்பே. ரிச்சர்ட் காப் வேறு வழியில் மறுத்தார்: தீர்மானங்களை நம்பி மனிதரைக் கணிக்காதீர், அவர்கள் முன்கோபிகள், வதந்தி நம்புவோர், பாதிப்பேர் சில மாதங்களில் அரசியலை மறந்தவர் என்றார். எனக்குத் தோன்றுவது: சொபூலின் மக்கள் சற்றே அதிகமாகத் தீர்மானம் எழுதுகின்றனர், காப் காட்டும் மக்கள் சற்றே அதிகமாகக் குடிக்கின்றனர். இருவரையும் சேர்த்துப் படிப்பதே நலம். பெண்களைப் பொறுத்தவரை இருவரும் போதார். 1789 அக்டோபரில் வெர்சாய் வரை நடந்து அரசனைப் பாரிசுக்குக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். பொலின் லெயோன், கிளேர் லக்கோம்ப் ஆகியோரின் மகளிர் சங்கம் 1793 மே மாதம் தோன்றி அக்டோபர் 30-இல் மன்றத்தால் தடைசெய்யப்பட்டது. அவர்களுக்கு உரிய இடம் 1988-இல் வந்த தொமினிக் கொதினோவின் நூலில்தான் கிடைத்தது.

இக்கூட்டத்தில் நாவலுக்கு உரிய ஒருவர் இருந்தார். ழாக் ரூ, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கிராவிலியே வட்டத்தின் பாதிரியார். பதினாறாம் லூயியைக் கொலைமேடைக்கு அழைத்துச் செல்ல நகரவை அனுப்பிய இருவருள் ஒருவர். அரசன் தன் இறுதி முறியைக் கொடுக்க முயன்றபோது, உம்மை மேடைக்கு இட்டுச் செல்வதே என் கடமை என்று வாங்க மறுத்த கடுமனத்தர். 1793 ஜூன் 25-இல் அதே மனிதர் மன்றத்தின் முன் நின்று, புதிய அரசியல் சட்டத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தோரை நோக்கி, பதுக்கல்காரனைப் பற்றி இதில் ஒரு வரி உண்டா என்று கேட்கும் பொருள்பட உரை நிகழ்த்தினார். உறுப்பினர் கூச்சலிட்டு அவரை வெளியேற்றினர். மரா தம் இதழில் அவரைத் தாக்கினார். ரொபெஸ்பியரோ, அவ்வாண்டு பிப்ரவரியில் சலவைப் பெண்களும் பிறரும் சோப்புக்கும் சர்க்கரைக்கும் கடைகளை முற்றுகையிட்டபோதே, மளிகைச் சாமானுக்காக மக்கள் எழலாமா என்று இகழ்ந்திருந்தார். சோப்பு இல்லையேல் சலவைக்காரிக்கு அன்றைய கூலி இல்லை என்பது வழக்கறிஞர் ஒருவருக்குத் தோன்றவில்லை. செப்டம்பரில் ரூ சிறைப்பட்டார். அவர் கேட்ட விலைக்கட்டுப்பாடு அதே மாதத்தில் சட்டமாயிற்று. 1794 பிப்ரவரி 10-இல் சிறையில் தம்மைத் தாமே குத்திக்கொண்டு மாண்டார். பீட்டர் வைஸ் 1960-களில் எழுதிய மரா பற்றிய நாடகத்தில் ரூவுக்கு ஓர் இடம் தந்தார். அங்கும் அவர் பைத்தியக்கார விடுதியில் நடிக்கும் ஒரு நோயாளியின் வாய்வழியாகவே பேச வேண்டியிருந்தது.

ஒற்றுமை பிளந்த கதை சுருக்கமானது. உச்சவிலைச் சட்டத்துக்குள்ளேயே உச்சக் கூலியும் இருந்தது: 1790-இன் கூலியோடு பாதி சேர்த்த தொகை. நகரவை அதை நெடுநாள் செயற்படுத்தாமல் வைத்திருந்து, 1794 ஜூலை 23-இல் பட்டியலாக வெளியிட்டது. சில தொழில்களில் நடப்புக் கூலி பாதிக்கும் கீழே இறங்கும் நிலை. நான்கு நாள் கழித்து ரொபெஸ்பியரைக் காக்க வாருங்கள் என்று அதே நகரவை மணியடித்து அழைத்தபோது, 48 வட்டங்களில் மூன்றில் ஒரு பங்களவே படை அனுப்பிற்று. வந்தோரும் கட்டளையின்றி நின்று நள்ளிரவில் கலைந்தனர்.

டிக்கன்ஸின் நாவல் சிட்னி கார்ட்டனின் தியாகத்தோடு 1793-இன் இறுதியளவில் முடிந்துவிடுகிறது. சேந்த் அந்துவான் வெற்றிக் களிப்பில் ஆடிக்கொண்டிருக்கும்போதே திரை விழுகிறது. கதைக்கு அது பொருத்தமே. ஆனால் அப்பகுதிக்கு அதன்பின் என்ன நேர்ந்தது என்பதை அறியாமலே நூறாயிரக்கணக்கான வாசகர் நூலை மூடிவிட்டனர். 1794 டிசம்பரில் உச்சவிலைச் சட்டம் நீக்கப்பட்டது. அக்குளிர்காலம் கொடியது; வசந்தத்தில் ரொட்டிப் பங்கீடு சில நாள்களில் ஆளுக்கு இரண்டு அவுன்சு வரை குறைந்தது. 1795 மே 20-இல் ரொட்டியும் 1793-இன் அரசியல் சட்டமும் வேண்டும் என்ற முழக்கத்தோடு, பெண்கள் முன்னணியில் வர, மக்கள் மன்றத்துள் புகுந்தனர். ஃபெரோ என்ற உறுப்பினர் கொல்லப்பட்டு அவர் தலை ஈட்டியில் ஏற்றப்பட்டது. அவர்களுக்கு ஆதரவாகப் பேசிய உறுப்பினருள் அறுவர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்பைக் கேட்டு அவர்கள் கத்தியால் தம்மைத் தாமே குத்திக்கொண்டனர். அவ்வறுவரைத் தியாகிகள் என்று வரலாறு நினைவில் வைத்துள்ளது.

1798-இல் நெப்போலியன் எகிப்தில் இறங்கியபோது அரபு மொழியில் அச்சிட்டு வழங்கிய அறிக்கையில் குடியரசைக் குறிக்க 'ஜும்ஹூர்' என்ற சொல் ஆளப்பட்டது. உலமாக்களுள் பெரும்பான்மையோர் கருத்தைக் குறிக்க நம் கிதாபுகளில் நாளும் வழங்கும் சொல் அது; மக்கள் திரள் என்பது அதன் அடிப்பொருள். கெய்ரோவின் அல்ஜபர்த்தி அவ்வறிக்கையைத் தம் நூலில் பதிந்து சொல் சொல்லாக ஆராய்ந்தார். அச்சொல் நைல் நதிக்கரைக்கு வந்து சேர மூன்றாண்டு முன்பே, 1795-இன் புதிய அரசியல் சட்டம் வாக்குரிமையை மீண்டும் வரி செலுத்துவோர்க்கென ஒதுக்கிவிட்டிருந்தது. அதற்குச் சில மாதம் முன்னர், அவ்வாண்டு மே 23-இல், படைகள் சேந்த் அந்துவானைச் சூழ்ந்தன. பகுதியினர் தம் பீரங்கிகளை ஒப்படைத்துச் சரணடைந்தனர். அடுத்த நாள்களில் வட்டம் வட்டமாகக் கூட்டங்கள் கூட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டும் ஆயுதம் பறிக்கப்பட்டும் பதிவு செய்யப்பட்டனர்: பெயர், தொழில், குடியிருக்கும் தெரு.